செத்தால்தான் கல்வெட்டு

1973 மே மாதம். லிவர்பூலின் மேத்யூ தெருவில், ஒரு பழைய கிடங்கின் நிலவறையைக் காலி செய்யச் சொன்னது பிரிட்டிஷ் ரயில்வே. பூமிக்கடியில் ஓடப்போகும் ரயிலுக்குக் காற்று வேண்டுமாம். அதற்கான காற்றுப்போக்கிக் கூண்டை அந்த இடத்தில்தான் எழுப்ப வேண்டுமாம். கிடங்கு இடிந்தது. இடிபாட்டைத் தள்ளி நிலவறையை நிரப்பினார்கள்.

அந்த நிலவறையின் பெயர் கேவர்ன் கிளப். பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ 290 தடவை மேடையேறிய இடம்.

காற்றுப்போக்கி என்ன ஆயிற்று? கட்டவே இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்தினார்கள்.

இந்தக் கூத்தின் முந்தைய காட்சி இன்னும் ருசியானது. அதே கிளப் 1966-ல் கடனில் மூழ்கி ஒருமுறை மூடப்பட்டது. கைமாறி மறுபடி திறந்தபோது திறந்து வைக்க வந்தவர் வார்டு கவுன்சிலர் அல்ல, பிரதமர் ஹரால்ட் வில்சன். பிரதமர் திறந்து வைத்தார். ஏழே வருடத்தில் அரசாங்க ரயில்வே மூடி வைத்தது. பிறகு ஞானம் வந்தது. பழைய செங்கற்களில் 15,000-ஐப் பொறுக்கியெடுத்து, அதே தெருவில் புதிய கேவர்னைக் கட்டி 1984-ல் திறந்தார்கள். இன்றைக்கு உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் அந்தச் செங்கல்லைத் தடவிப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். பீட்டில்ஸ் பெயரால் லிவர்பூலுக்கு ஆண்டுக்குச் சுமார் 8 கோடி பவுண்டு வரும்படி என்று 2016-ல் ஓர் அறிக்கை சொன்னது. அதைக் கேட்டு வாங்கியது நகராட்சி. வரும்படிக்கு அறிக்கை உண்டு. இடித்ததற்கு அறிக்கை கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

2021 அக்டோபரில் நிதியமைச்சர் ரிஷி சுனக் பட்ஜெட் போட்டார். லிவர்பூல் ஆற்றங்கரையில் பீட்டில்ஸுக்கென்று புதிதாக ஒரு சுற்றுலாத் தலம். அதன் ஆரம்பச் செலவுக்கு 20 லட்சம் பவுண்டு. குழு கலைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நால்வரில் இருவர் காலமாகிவிட்டார்கள். லிவர்பூலில் ஏற்கெனவே பீட்டில்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, சிலைகள் இருக்கின்றன, அவர்கள் வளர்ந்த வீடுகளுக்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். இருந்தும் பத்தவில்லை. மணிமண்டபம் கட்டுவதில் நம்மை யாரும் விஞ்ச முடியாது என்று இறுமாந்திருந்தோம். வெள்ளைக்காரன் அதிலும் முந்திவிட்டான்.

அடுத்த நான்கு பேர் எந்த நிலவறையில் வாசிப்பார்கள்? அதைக் கேட்க ஆளில்லை.

கேட்டால் கொரோனா நிதியைக் காட்டுவார்கள். உண்மைதான். 2020-ல் 157 கோடி பவுண்டில் கலைகளுக்கான மீட்பு நிதி அறிவித்தார்கள். அதில் பல சிறிய இசையரங்குகள் உயிர் பிழைத்தன. கொள்ளைநோயிடமிருந்து காப்பாற்றி, மின்கட்டணத்திடமும் வாடகையிடமும் பத்திரமாக ஒப்படைத்தார்கள்.

சிறிய இசையரங்கு என்றால் என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுவோம். மதுக்கடையின் பின்கட்டு. அல்லது மாடி. அல்லது நிலவறை. நூற்றைம்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். சிந்திய பீரில் தரை செருப்பைப் பிடித்து இழுக்கும். கழிப்பறைச் சுவரில் இதுவரை வந்துபோன குழுக்களின் ஸ்டிக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். சுவரே அவற்றால்தான் நிற்கிறதோ என்று சந்தேகம் வரும். மாலை நாலு மணிக்கு ஒரு வாடகை வேன் வந்து நிற்கும். நான்கு பிள்ளைகள் இறங்கி, தங்கள் ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே படியில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். சவுண்ட் செக் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தட்டு சிப்ஸ். இரவு பதினொன்றுக்கு மறுபடி வேன். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு உலகத்தையே ஆட்டிவைக்கலாம். நாளன்றைக்கு கூரியர் கம்பெனியில் வேலைக்கும் போகலாம். எது நடக்கும் என்பது தெரிய வேண்டுமென்றால் முதலில் அவர்கள் வாசிக்க ஓர் அறை வேண்டும்.

அந்த அறையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றைம்பது பேர், டிக்கெட் 10 பவுண்டு, அரங்கு நிறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500. இதில் முதல் 250 பவுண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அது வாட் வரி, 20 சதவீதம். ஜெர்மனியில் கச்சேரி டிக்கெட்டுக்கு 7 சதவீதம். பிரான்சில் 5.5. பிரிட்டனில் 20. இசையை உலகுக்கு ஏற்றுமதி செய்கிறோம் என்று மார்தட்டும் நாடு அது. மிச்சத்தில் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஒலிப்பொறியாளருக்குக் கொடுக்க வேண்டும், வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கொடுக்க வேண்டும், பாட்டுக்கு உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும், வாடகை, மின்சாரம், காப்பீடு, வணிகச் சொத்து வரி. அந்தச் சொத்து வரியில் 75 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதை 40 சதவீதமாக வெட்டினார்கள். முன்பு ஆண்டது ஒரு கட்சி. வெட்டியது இன்னொரு கட்சி. கத்தி ஒன்றுதான்.

இந்த அரங்குகளுக்காக 2014-ல் தொடங்கப்பட்ட மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வருடா வருடம் கணக்குச் சொல்கிறது. 2023-ல் மட்டும் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. வாரத்துக்கு இரண்டுக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் ஒரேயடியாகப் பூட்டப்பட்டன. 45 வருடம் நடந்த பாத் நகரத்து மோல்ஸ் கிளப்பும் அந்த டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. 2024-ல் சிற்றரங்குகளின் சராசரி லாபம் 0.48 சதவீதம். நூறு பவுண்டுக்கு வியாபாரம் செய்தால் கையில் நிற்பது 48 பென்ஸ். நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பத்து நான்கு அரங்குகளுக்கு அந்த 48 பென்ஸும் இல்லை, நட்டம். அந்த ஒரே வருடத்தில் நேரடி இசைக்காக இவர்கள் கையிலிருந்து போட்ட பணம் 16 கோடி பவுண்டுக்கு மேல். அரசாங்கம் கலைக்கு மானியம் தரும் என்று படித்திருக்கிறோம். இங்கே பீர் விற்றவன் தருகிறான்.

பணம் இல்லாவிட்டாலும் இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்று நகராட்சியிடம் வேறு ஆயுதம் இருக்கிறது.

மான்செஸ்டரில் ஓல்டம் தெருவில் நைட் அண்ட் டே கஃபே 1991 முதல் நடக்கிறது. முப்பது வருடமாக அங்கே பாட்டு, முப்பது வருடமாக அங்கே சத்தம். பக்கத்தில் இருந்த பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாயின. ஊரடங்கு வந்தது. அரங்கு பூட்டிக் கிடந்தது. மயான அமைதியில் ஒருவர் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். ஊரடங்கு முடிந்தது. டிரம்ஸ் சத்தம் கேட்டது. புகார் போனது. 2021 நவம்பரில் நகராட்சி இரைச்சல் தடுப்பு நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

குடிவந்தவரைத் திட்டிப் பயனில்லை. ராத்திரி தூங்க நினைப்பது பாவமா? பக்கத்தில் இசையரங்கு இருப்பது தெரிந்தும், சுவர் சத்தத்தைத் தாங்குமா என்று ஒழுங்காகப் பார்க்காமல் வீட்டுக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதுதான் அரங்குக்காரர்களின் கேள்வி. அனுமதி கொடுத்தது நகராட்சி. நோட்டீஸ் கொடுத்ததும் நகராட்சி. இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு தட்டியாவது இருந்திருக்கும். சத்தம் புகாத தட்டி போலிருக்கிறது.

2018-ல் இதற்கு விதி செய்துவிட்டோம் என்பார்கள். செய்தார்கள். ஏற்கெனவே அரங்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்தான் சத்தத்துக்குப் பொறுப்பு என்று இங்கிலாந்தின் திட்டக் கொள்கையில் சேர்த்தார்கள். நல்ல விதி. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்றுக்கொண்டது. அதற்குள் லண்டன் 2007-க்கும் 2015-க்கும் இடையே தன் சிற்றரங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டிருந்தது. விதி நேற்றுக் கட்டிய மெல்லிய சுவருக்குப் பொருந்தாது. நாளைக்குக் கட்டப்போகும் சுவருக்குத்தான்.

வீடு கட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. அவர்களுக்குக் கலையுணர்ச்சி அதிகம். மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் 1982-ல் திறந்து, உலகத்தின் நடன இசையையே திருப்பிப்போட்டு, 1997-ல் மூடி, 2002-ல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் என்ன? ஹசியெண்டா. விடிய விடிய ஆடிய இடத்தின் பெயரை வாசலில் மாட்டிக்கொண்டு, உள்ளே பத்து மணிக்கு விளக்கை அணைக்கலாம்.

அட்லாண்டிக்கைத் தாண்டினாலும் இதே பஜனைதான். நியூயார்க்கின் சிபிஜிபி கிளப், பங்க் இசை பிறந்து வளர்ந்த தொட்டில், 1973 முதல் நடந்தது. வாடகைத் தகராறில் 2006-ல் மூடினார்கள். 2008-ல் அங்கே பணக்கார ஆண்களுக்கான துணிக்கடை வந்தது. ஒரு விமான நிலையத்தில் அதே பெயரில் உணவகம் வந்தது. அதோடு விட்டார்களா? அந்த கிளப்பின் கழிப்பறை அசிங்கத்துக்குப் பேர்போனது. 2013-ல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடையலங்காரத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் அந்தக் கழிப்பறையை அச்சு அசலாகச் செய்து வைத்தார்கள். கச்சேரிக்கு வாடகை கட்ட முடியாமல் வெளியேறிய இடத்தின் கக்கூஸுக்கு மியூசியத்தில் இடம் கிடைத்தது. பெற்றவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாத பிள்ளை, திவசத்துக்கு மட்டும் ஊரைக் கூட்டி வடை பாயசம் போடுவதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான்.

சரி, பெரிய இடத்துக்கு வருவோம்.

அதே மான்செஸ்டரில் 36.5 கோடி பவுண்டு செலவில் கோ-ஆப் லைவ் என்ற மாபெரும் அரங்கு எழுந்தது. 23,500 பேர் கொள்ளும். 2024 ஏப்ரலில் திறப்பு என்றார்கள். பெரிய அரங்குகளின் டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டை எடுத்துச் சிற்றரங்குகளுக்குக் கொடுக்கலாமே என்ற யோசனை அப்போது சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அரங்கின் பொது மேலாளரிடம் பிபிசி கேட்டது. அவருக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. சில சிற்றரங்குகள் சரியாக நிர்வகிக்கப்படுவதில்லை என்று திருவாய் மலர்ந்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். திறப்பு நிகழ்ச்சி தள்ளிப்போனது. மேலாளர் ராஜினாமா செய்தார். மே முதல் தேதி, ரசிகர்கள் வாசலில் வரிசையில் நிற்க, உள்ளே காற்றோட்டக் கருவியின் ஒரு பாகம் கூரையிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. கச்சேரி ரத்து. அடுத்தடுத்த கச்சேரிகளும் ரத்து அல்லது இடமாற்றம். அன்று கேவர்னை இடித்தார்கள், காற்றுப்போக்கி எழும்பவில்லை. இன்று மாளிகை கட்டினார்கள், காற்றுப்போக்கி தங்கவில்லை. பிரிட்டனில் இசைக்கும் காற்றுக்கும் ஏதோ ஜென்மப் பகை. எழுபத்தைந்து வருடப் பழைய கட்டடத்தில், ஒட்டுப்போட்ட ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, அதே வாரம் அதே ஊரில் ‘நிர்வாகம் சரியில்லாத’ சிற்றரங்குகள் தினமும் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன.

ஒருவழியாக மே 14-ஆம் தேதி திறந்தார்கள். முதலில் பாடியது எல்போ குழு. அவர்கள் வளர்ந்த மேடைகளில் ஒன்று நைட் அண்ட் டே. நோட்டீஸ் வாங்கிய அதே நைட் அண்ட் டே.

அந்த ஒரு பவுண்டுக்கு வருவோம். கிளாஸ்கோவில் கிங் டட்ஸ் என்றொரு இடம். முந்நூறு பேர் கொள்ளும். 1993 மே 31 அன்று அங்கே ஒரு குழு வாசித்தது. அன்றைய நிரலில் அவர்கள் பெயரே இல்லை. தற்செயலாக வந்திருந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் முதலாளி ஆலன் மெக்கீ காது கொடுத்துக் கேட்டார். ஒப்பந்தம் தருகிறேன் என்றார். குழுவின் பெயர் ஓயாசிஸ். 2024 ஆகஸ்டில் அதே குழு மறுபடி சேர்ந்து ஸ்டேடியங்களில் பாடப்போவதாக அறிவித்தது. சுமார் 150 பவுண்டு என்று சொன்ன, நின்று பார்க்கும் டிக்கெட், கணினி வரிசையில் மணிக்கணக்கில் தவம் கிடந்தவர்களின் முறை வந்தபோது 355 பவுண்டாகியிருந்தது. இடையில் ஏறிய இருநூறு பவுண்டுக்குப் பொருளாதாரம் பேசினார்கள். சந்தை, தேவை, விலை. சிற்றரங்குக்கு ஒரு பவுண்டு என்றால் மட்டும் ரசிகன் தாங்கமாட்டானே என்று கண்ணீர் விட்டார்கள்.

நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2024 மே மாதம் அறிக்கை தந்தது. பெரிய அரங்குகளும் ஸ்டேடியங்களும் தாமாக முன்வந்து இந்தத் தொகையைக் கொடுக்கட்டும், செப்டம்பருக்குள் ஏற்பாடு ஆகாவிட்டால் அரசே சட்டம் போடட்டும் என்றது. செப்டம்பர் வந்தது, போனது. நவம்பரில் அரசு பதில் சொன்னது: தாமாக முன்வந்து கொடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரான்சில் கச்சேரி டிக்கெட்டுகளில் 3.5 சதவீதம் எடுத்து இசைத் துறைக்கே திருப்பித் தருகிறார்கள். சட்டப்படி. பாரிஸில் எந்த ஸ்டேடியமும் அதனால் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

வெட்கம் வந்தது பாட்டுக்காரர்களுக்குத்தான். நம்மூர்ப் பிள்ளைகள் அகமதாபாத் வரைக்கும் ரயிலேறிப் போய்ப் பார்த்த கோல்ட்ப்ளே, 2025-ல் பிரிட்டனில் நடத்திய ஸ்டேடியம் கச்சேரிகளில் தங்கள் வருமானத்தின் 10 சதவீதத்தைச் சிற்றரங்குகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. என்டர் ஷிகாரி போன்ற குழுக்கள் அதற்கு முன்பே டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு கொடுத்தன. ராயல் ஆல்பர்ட் ஹாலும் ஒப்புக்கொண்டது. மற்ற பெரியவர்கள் பலர் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு நல்ல அரங்கு கிடைத்திருக்கும்.

பொதுஜனம் ஆலோசிக்கவில்லை. வாடகைக்கு இருப்பதால்தானே துரத்துகிறார்கள், கட்டடத்தையே வாங்கிவிடுவோம் என்று மியூசிக் வென்யூ டிரஸ்ட் 2022-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பங்கு வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். முதலில் வாங்கியது மான்செஸ்டர் பக்கம் ஆதர்ட்டன் என்ற சிறு ஊரில் தி ஸ்னக். நூறு பேர் நிற்கும் இடம், பகலில் காப்பிக்கடை. பிறகு இன்னும் சில. இப்படிச் சனங்கள் சேர்த்துக் கொடுத்த தொகை 20 லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பட்ஜெட்டில் பீட்டில்ஸ் சுற்றுலாத் தலத்தின் ஆரம்பச் செலவுக்கு ஒதுக்கினார்களே, கிட்டத்தட்ட அதே தொகை. அதில் சனங்கள் கட்டடங்களையே வாங்கிவிட்டார்கள்.

லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருக்கும் நம்மவர்கள் அடுத்த தடவை பெரிய கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் பொத்தானை அழுத்துமுன் பட்டியலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். சேவைக் கட்டணம் இருக்கும். அரங்க வசதிக் கட்டணம் இருக்கும். நீங்களே உங்கள் போனில், உங்கள் விரலால், உங்கள் மின்சாரத்தில் பதிவு செய்ததற்குப் பதிவுக் கட்டணம் இருக்கும். எல்லாம் கட்டாயம். கட்டாமல் ஓரடி நகர முடியாது. சிற்றரங்குக்குப் போக வேண்டிய அந்த ஒரு பவுண்டு மட்டும், அவரவர் மனசாட்சிப்படி.